சாய்ஸில் விட்ட பாடம்

வெஸ்டாவில் ஆவுடையப்பனுக்கு வேலை, குடியிருப்பு மொத்தத்தின் மூத்திரத்தையும் குடிதண்ணீராக மாற்றுவது. அதைக் கேவலமாக நினைக்க அங்கே யாருக்கும் வசதியில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற அந்த வறண்ட பாறையைக் குடைந்து வாழும் அத்தனை பேரும் இன்று பல் துலக்குவது நேற்று கழித்த தண்ணீரில்தான். வீட்டுக்கு ஒரு குழாய். எல்லாக் குழாயும் மீள்நீர் ஆலையில் வந்து முடியும். சுவர்ப் பலகையில் வீட்டுக்கொரு விளக்கு. எவன் திருட்டுச் சாராயம் குடித்தான், எவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு முன்பே ஆவுடைக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

அன்று ஒரு விளக்கு மஞ்சளாக எரிந்தது. குழாயில் நுரை கட்டியிருந்தது. இனிப்பான எதையாவது கழிப்பறையில் கொட்டினால் குழாய்க்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்று பெருகி இப்படி நுரைக்கும். எவனோ பாயாசத்தைக் கொட்டியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே கரைப்பானை ஊற்றிக் கழுவினான். பிறகு எந்த வீடு என்று பார்த்தான். அவன் வீடுதான்.

முறை முடிந்து போனதும் மகளைப் பிடித்துக்கொண்டான்.

“ஏட்டி வடிவு, சர்க்கரத் தண்ணியக் கக்கூஸுல கொட்டுனியா?”

“நான் ஏம்ப்பா கொட்டுதேன்? குடிக்கதுக்கே பத்தல.”

எட்டு வயது வடிவு கட்டிலில் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். அடுப்படியிலிருந்து கோமதி எட்டிப் பார்த்தாள். “புள்ளைய ஏன் வையுதீங்க? எம் பங்குத் தண்ணியையும் அவதான் குடிக்கா. குடிக்கா, போறா, குடிக்கா, போறா. கழுத்தெலும்பு தெரியுது பாருங்க.”

ஆவுடை மகளைத் தூக்கினான். எடையே இல்லை. அவள் வாயிலிருந்து ஆலைக் கரைப்பானின் நெடி அடித்தது. தன் கையில் ஒட்டியிருந்த நெடி என்று நினைத்து இறக்கிவிட்டுப் போய்க் கை கழுவினான். திரும்பி வந்து தூக்கினால் மறுபடியும் அதே நெடி. மறுபடியும் போய்க் கழுவினான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் நோயின் பெயர் தெரிந்திருக்கும். வீட்டில் யாருக்காவது இருக்கும். வெஸ்டாவில் யாருக்கும் தெரியாது. முதல் குடியேறிகளை அனுப்பும்போதே அவர்களுடைய மரபணுவிலிருந்து அதைக் களைந்துதான் அனுப்பினார்கள். களைந்த இடத்தில் இத்தனை தலைமுறை கழித்து மறுபடி ஒன்று முளைத்துவிட்டது.

டாக்டர் எஸ்தர் ஜெபமணி வெஸ்டாவின் தங்கப் பதக்கக்காரி. பதக்கம் அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. வடிவின் நாக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டு, “சோர்வுதான். செல்லுக்கு எரிபொருள் எது? குளுக்கோஸ். ரெண்டாம் யூனிட்டு, அஞ்சு மார்க்கு. வேளைக்கு ஒரு தம்ளர் கலக்கிக் குடுங்க” என்றார்.

கலக்கிக் கொடுத்தார்கள். குழாயில் நுரை இரட்டிப்பானது. வடிவுக்கு எழுந்து நிற்கவே முடியாமல் போனது. ஆவுடை தனியாக மறுபடி டாக்டரிடம் போனான்.

“உள்ள போற சர்க்கர அப்படியே வெளிய வருது டாக்டர். நான் பலகையில பாக்கேன். அது வேலைக்குப் போவாம வழியிலயே நின்னுட்டுத் திரும்பிருது.”

எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சையில் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். “கணையம் இரைப்பையின் பின்புறம் அமைந்துள்ளது. செரிமான நீரைச் சுரக்கிறது. இதன் மற்றொரு பணியை அலகு ஆறில் காண்க.”

“அப்ப ஆறைப் பாருங்க.”

“அத நான் சாய்ஸ்ல விட்டுட்டேன்.”

“மத்த டாக்டர்மாருகிட்ட கேப்பம்.”

“எல்லாரும் விட்டுட்டோம், ஆவுடையப்பன். எங்க வாத்தியாருமாரும் விட்டுட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச ஏழு யூனிட்லயும் உங்க புள்ள நோவு இல்ல. அதனால அது ஆறுலதான் இருக்கணும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெஸ்டாவில் ஒரே ஒரு தேர்வுதான். உயிரியல். காற்று, தண்ணீர், சோறு மூன்றையும் அங்கே உயிர்களே செய்து தருவதால், அந்தத் தேர்வில் தேறியவன் மேல்தளத்தில் வெளிச்சத்தில் குடியிருப்பான். தேறாதவன் ஆவுடையைப் போலக் கீழே இருப்பான். புத்தகத்தில் எட்டு அலகுகள். ஒவ்வொரு பெருவினாவும் ‘(அ) அல்லது (ஆ)’ என்று வரும். ஐந்தாம் அலகான ஒளிச்சேர்க்கையும் ஆறாம் அலகான நாளமில்லாச் சுரப்பிகளும் ஒரே வினாவின் இரண்டு பக்கங்கள். ஒளிச்சேர்க்கைக்கு ஒரு படம், நாலு பாகம், பத்து மதிப்பெண். ஆறாம் அலகோ வாயில் நுழையாத பெயர்களின் காடு. ஒரு தலைமுறை அதை விட்டது. அடுத்த தலைமுறைக்கு, விட்டவர்களே பாடம் நடத்தினார்கள். நினைவகத்தை ஓட்ட மின்சாரம் பற்றாதபோது, நெடுநாளாக யாரும் திறக்காத பக்கங்களை எந்திரம் அழித்தது. புத்தகத்தில் இப்போது அலகு ஆறுக்குத் தலைப்பு மட்டும் மிச்சம்.

பூமியில் அந்தப் பாடம் இருந்தது. கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். வந்துவிட்டால், எந்தப் புரதத்தின் செய்முறையைச் சொன்னாலும் ஒரே நாளில் காய்ச்சித் தருகிற நொதிக்கலன் மருத்துவமனையிலேயே இருந்தது. கேட்பதுதான் நடக்காது. முன்பொரு முறை யாரோ பூமியிலிருந்து விடைகளை வரவழைத்து விற்றுவிட, தோற்றவர்கள் சேர்ந்து காற்றுக் குழாயை உடைத்தார்கள். அன்றோடு பூமி அலைவரிசையைப் பூட்டி, சாவியை மதிப்பி என்ற தேர்வு எந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். விடைக்குறிப்பு வாங்க மட்டுமே அது திறக்கும். ஆவுடை குடியிருப்பை ஆளும் மன்றத்தாரிடம் போய் அழுதான். தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, இப்போது அலைவரிசையைத் திறந்தால் பெற்றோர்கள் கொதித்துவிடுவார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களும் பெற்றோர்கள்தான்.

ஒரு வழியை எஸ்தர்தான் சொன்னார். பொதுமக்கள் அனுப்பும் வினா ஒன்றைத் தாளில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பழைய விதி இருந்தது. ஆவுடை மதிப்பியின் முன்னால் போய் உட்கார்ந்து வினாவைச் சொன்னான். ‘அதிக தாகம், அதிக சிறுநீர், உடல் மெலிதல், சிறுநீரில் சர்க்கரை. இதன் காரணத்தையும் மருந்தையும் விளக்குக.’

“வினா ஏற்கப்பட்டது. அலகு ஆறு. பத்து மதிப்பெண்” என்றது மதிப்பி. “இதற்கு என்னிடம் விடை இல்லை.”

“பூமிகிட்ட கேளேன்.”

“மாணவர் யாராவது எழுதினால் கேட்பேன். யாரும் எழுதாத வினாவுக்கு விடைக்குறிப்பு தேவைப்படாது.”

“ஒரே ஒருத்தர் எழுதுனா?”

“போதும். வினா எண்ணை இட்டாலே எழுதியதாகக் கொள்வேன். அந்தக் கணமே அலைவரிசை திறக்கும்.”

“இப்பவே கேட்டுருலா. புள்ள சாகக் கெடக்கா.”

“தேர்வுக்கு முன்பு விடை கேட்பது முறைகேடு. வருந்துகிறேன்.”

வருந்துகிறேன் என்று சொல்ல அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கோமதியின் தம்பி நம்பி அவர்கள் வீட்டிலேயே தங்கித்தான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் நாலு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டவன். முக்கிய வினாக்கள் கையேட்டை வடிவு மடியில் வைத்துக்கொண்டு கேட்க, இவன் கண்ணை மூடி ஒப்பிப்பான். ஒரு சொல் மாறினால் தலையில் குட்டுவாள். இப்போது குட்டுவதற்குக் கை எழவில்லை.

“ஏல நம்பி, நீ எழுத வேண்டாம். நம்பர மட்டும் போடு” என்றான் ஆவுடை. “மீதிய அந்த மெஷின் பாத்துக்கிடும்.”

“ரெண்டையும் எழுதுனா முதல்ல வர்ற உங்க கேள்வியத்தான் திருத்தும் அத்தான், ஒளிச்சேர்க்கைய விட்டுரும். பத்து மார்க்கு போயிரும்.”

“போவட்டும்ல.”

நம்பி மருமகளைப் பார்த்தான். “போவட்டும். போடுதேன்.”

“மாமா, மறந்துராத. நீ எல்லாத்தையும் மறப்ப” என்றாள் வடிவு.

“மறந்தா தலையில நாலு குட்டு வையி.”

தேர்வு நாளன்று வடிவை மருத்துவமனையில் கிடத்தியிருந்தார்கள். ஓடிவந்தவளைப் போல ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அறை முழுக்கக் கரைப்பான் நெடி. கோமதி பக்கத்தில் இருந்தாள். ஆவுடை தேர்வுக்கூடத்துக்கு வெளியே நின்று கூரையில் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூமி அலைவரிசை திறந்தால் அது எரியும்.

கூடத்துக்குள் நானூறு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியாகக் குனிந்த முதுகுகள் தெரிந்தன. ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். காலையில் கூடத்துக்குள் போகும்போதே இரண்டு மூன்று பேர் அவன் தோளைத் தட்டி, “கவலப்படாதீங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கழுத்து வலிக்கிறவரை அண்ணாந்து பார்த்தான். கண்ணைச் சிமிட்டும் நேரத்தில் எரிந்து அணைந்திருக்குமோ என்றும் நினைத்துப் பார்த்தான். மணி அடித்தது. விளக்கு எரியவில்லை.

வெளியே வந்தவர்கள் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். அவனைப் பார்த்ததும் சத்தம் குறைந்தது. நம்பி கடைசியாக வந்தான்.

“வந்திச்சா?”

“வந்திச்சு அத்தான். நீங்க குடுத்தது அப்படியே.”

“நம்பர் போட்டியா?”

நம்பி பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினான். “அல்லதுல ஒளிச்சேர்க்கை வந்திச்சு.”

ஆவுடை இன்னொரு முறை அண்ணாந்து விளக்கைப் பார்த்தான்.

“படம் போட்டாப் பத்துக்குப் பத்து. நானூறு பேரு எழுதுதாங்க. எவனாவது ஒருத்தன் போடுவான்னு நெனச்சேன்.”

“அந்த நானூறும் அப்படித்தாம்ல நெனச்சிருக்கும்.”

“நான் பாஸாயி டாக்டராயிட்டா நானே அவளப் பாத்துக்கிடுவேன்லா அத்தான்” என்றான் நம்பி. மனதாரத்தான் சொன்னான்.

அவனை அடிப்பதற்குத்தான் ஆவுடை கையை ஓங்கினான். கூடத்தின் கண்ணாடியில் தன் உருவம் தெரிந்ததும் இறக்கிக்கொண்டான். நேரமாகிவிட்டது. மருத்துவமனைக்கு நடந்தான்.

வடிவு மறுநாள் செத்துப்போனாள்.

வெஸ்டாவில் புதைப்பதும் இல்லை, எரிப்பதும் இல்லை. உடலிலிருந்து நீரைப் பிரித்து ஆலைக்கு அனுப்புவார்கள். அந்த நீர் வந்தபோது ஆவுடைதான் வேலையில் இருந்தான். பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. குழாயில் நுரை கட்டியது. அவன் கரைப்பானை ஊற்றவில்லை. நுரை தானாக அடங்குகிறவரை உட்கார்ந்திருந்தான்.

யாரும் எழுதாததால் அந்த வினாவைத் தாளிலிருந்து நீக்கிவிட்டதாக மதிப்பி அறிவித்தது. நம்பி தேறினான், முதல் பத்துப் பேரில் ஒருவனாக. மேல்தளத்துக்குக் குடிபோனான். அடுத்த ஆண்டுக்கான முக்கிய வினாக்கள் கையேட்டைத் தயாரிக்கும் பொறுப்பு வழக்கம்போல முதல் பத்துப் பேருக்கு வந்தது. கோமதி தம்பியோடு பேசுவதை நிறுத்தினாள். ஆவுடை அதே வினாவை மறுபடி அனுப்பினான். மதிப்பி மறுபடி ஏற்றுக்கொண்டது.

அடுத்த தேர்வு நெருங்கிய சமயம், பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இந்த முறை வேறொரு வீடு. அந்த வீட்டுக்காரி மரகதம் அந்த வருடம் தேர்வு எழுதுகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும் என்று கிளம்பிப் போய்க் கதவைத் தட்டினான்.

ஒரு கையில் கையேட்டோடு மரகதம் கதவைத் திறந்தாள். பின்னால் தரையில் அவளுடைய குழந்தை போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் துருத்தியது.

“வாங்க அண்ணாச்சி. என்ன விசயம்?”

“பரீச்சைக்குப் படிக்கியா தாயி? ஒண்ணு சொல்லுதேன், கேளு. தாகம், சர்க்கரன்னு ஒரு கேள்வி. ஆறாம் யூனிட்டு. அத எழுது. நம்பர் போட்டாலே போதும்.”

மரகதம் அனுதாபத்தோடு அவனைப் பார்த்தாள். பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். வினா அச்சாகியிருந்தது. பக்கத்தில் நம்பியின் குறிப்பும் இருந்தது: ‘போன ஆண்டு கேட்டாயிற்று. இந்த ஆண்டு வராது. விட்டுவிடலாம்.’

“எல்லாரும் விட்டுட்டோம் அண்ணாச்சி. அடுத்தடுத்த வருசம் ஒரே கேள்விய எவனும் கேக்க மாட்டான்.”

“வரும். கண்டிப்பா வரும். எனக்குத் தெரியும்.”

மரகதத்தின் முகம் மாறியது. அவனைத் தாண்டிச் சுரங்கப்பாதையின் இருபக்கமும் பார்த்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். குழந்தை காலிப் போத்தலைத் தரையில் தட்டி இன்னும் வேண்டும் என்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“சத்தமா பேசாதீங்க” என்றாள், பேனாவைத் திறந்துகொண்டே. “வேற என்னென்ன கேள்வி வருது?”