டிம்முவுக்குள் யாருமில்லை

இருநூறு பேர் கை தட்டினார்கள்.

ஒரு மனிதன் செத்துக்கொண்டிருந்தான்!

நீங்கள் அங்கே இருந்திருந்தாலும் தட்டியிருப்பீர்கள். இல்லையென்று சத்தியமெல்லாம் செய்ய வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகிற வழி. பழைய காபி எஸ்டேட்டை வளைத்துக் கட்டிய புது பார்க். அன்றைக்குத்தான் திறப்பு விழா. காலை பதினொன்று இருபது. பள்ளத்தாக்கைப் பார்த்த வ்யூ பாயிண்ட் மேடையில், கைப்பிடிக் கம்பியின் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான் யுவராஜ்.

அவன் பக்கத்தில் டிம்மு.

டிம்முவைத் தெரியாது என்றால் உங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை என்று அர்த்தம். ஊதா நிறக் காட்டெருமைக் கன்று. தொப்பை. குட்டிக் கொம்பு. 'டிம்மு ரன்' என்ற மொபைல் கேமின் ஹீரோ. யுவராஜ் அந்த கேம் கம்பெனியின் முதலாளி. பெங்களூர்க்காரன். பேப்பரில் அவனை 'டிம்முவின் அப்பா' என்றுதான் எழுதுவார்கள். செல்போனுக்குள் ஓடிக்கொண்டிருந்த பிள்ளையை முதல் முறையாக உயிரும் உடம்புமாக வெளியே கூட்டி வந்திருந்தான்.

யுவராஜ் டிம்முவின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னான்.

டிம்மு இரண்டு கைகளையும் அவன் மார்பில் வைத்தது.

தள்ளியது!

அறுபதடி... கீழே பாறை!

அப்புறம் டிம்மு ஒற்றைக் காலில் சுழன்றது. இடுப்பை ஆட்டியது. கேமில் எதிரியை வீழ்த்தியதும் போடுமே... அதே வெற்றி ஆட்டம்! எல்லாம் ஷோ என்று நினைத்தது கூட்டம். கீழே வலை கட்டியிருப்பார்கள் என்று நினைத்தது. குழந்தைகள் குதித்தார்கள். டிம்மு கையாட்டிக்கொண்டே சில்வர் ஓக் மரங்களுக்குள் நடந்து, பனியில் மறைந்தது.

ஒரு பெண் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள்.

அலறினாள்!

*

"உள்ள யாரு இருந்தா?"

கேட்டது எஸ்.ஐ. ருக்சானா. ஏற்காடு கடைவீதி மளிகைக்கடைக்காரர் மகள். சரக்கைப் போலவே ஆளையும் எடை போடத் தெரிந்தவள்.

பார்க் மேனேஜர் ஜீவானந்தம் கழுத்தைத் துடைத்தார். பனி கொட்டுகிற மலையில் வியர்க்கிற ஆள்!

"உள்ள யாருமில்லீங்க மேடம். அது டிம்முங்க."

"யோவ்..." என்றார் ஏட்டு முருகேசன்.

"அக்ரிமெண்டுங்க. டிம்மு நெசம், உள்ள ஆளு கெடையாதுன்னுதான் சொல்லோணும். மீறிச் சொன்னா வேலை போயிரும். இங்க இருக்கற அத்தன பேரும் கையெழுத்துப் போட்டிருக்கறமுங்க."

"பொணம் விழுந்திருக்கு. இன்னுமா அக்ரிமெண்ட்?"

"அதுல பொணத்தப் பத்தி ஒண்ணும் போடலீங்களே மேடம்."

ருக்சானா அவரையே பார்த்தாள். ஏட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டய்யா, டிம்மு மேல கேஸ் எழுதிக்கங்க. தெரிஞ்சத மறைச்சாருன்னு கீழ இவரு பேரையும் சேர்த்துக்கங்க."

"மாதேசுங்க" என்றார் ஜீவானந்தம் உடனே. "வாழவந்திக்காரன். அவன்தானுங்க டிம்மு."

உடை மாற்றும் அறையில் கிடைத்தான் மாதேஷ். இருபத்தாறு வயது. ஐந்தடி நாலு அங்குலம். டிம்முவின் உடைகள் இரண்டும் அந்த அளவுக்குத் தைத்தவைதான். ஒன்று அவன் உடம்பில் இருந்தது. தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்திருந்தான். இன்னொன்று பின்வாசலில் கிடந்தது. வியர்வை ஈரம் காயாமல்!

"நான் தள்ளலீங்க மேடம்" என்றான். "டிரஸ்ஸு ரெண்டுங்க. ஒண்ணப் போட்டா ஒண்ணக் காயப்போடோணும். பதினோரு மணிக்கு உள்ள வந்து தலையக் கழட்டி வெச்சுப்போட்டு மோர் குடிச்சேனுங்க. மறுக்காக் கெளம்பலாம்னு பாத்தா, சன்னலுக்கு வெளிய டிம்மு போறானுங்க. காயப்போட்டதக் காணோம்."

"அப்பவே வெளிய வந்து கேக்கறதுக்கென்ன?"

"வரக்கூடாதுங்க. ஒரு டிம்மு வெளிய நின்னா இன்னொரு டிம்மு தலையக் காட்டவே கூடாது. கொழந்தைங்க ரெண்டையும் பாத்துப்போட்டா அவ்வளவுதான்னு சொல்லியிருக்கறாங்க. வேற ஆரையோ அனுப்பியிருக்கறாங்கன்னு கம்முனு உக்காந்துட்டேன்."

"நீ உள்ள உக்காந்திருந்தத யாராச்சும் பாத்தாங்களா?"

இல்லையென்று தலையாட்டினான் மாதேஷ்.

யாரும் பார்க்கக்கூடாது என்பதுதானே ரூல்ஸ்!

*

ஏற்காடு போலீஸ் ஸ்டேஷன். மணி இரண்டு.

சேலத்திலிருந்து மேலதிகாரி போனில் கத்தி முடித்திருந்தார். நாலு மணிக்கு ஜீப் மலையை விட்டு இறங்க வேண்டும். மாதேஷை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இருநூறு சாட்சி இருக்கும்போது என்ன தயக்கம்?

ருக்சானாவுக்குத் தயக்கம் இருந்தது. அந்தப் பையன் பொய் சொல்கிற மாதிரி இல்லை. ஆனால் மாதிரி இல்லை என்பதை வைத்துக்கொண்டு கோர்ட்டில் என்ன செய்வது?

வாசலில் மாதேஷின் மனைவி கவிதா நின்றாள். நிறைமாதம். வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளைக் கைப்பிடித்து நடத்தி வந்தவள் அமலி. சேலத்துப் பெண். பார்க்கின் டான்ஸ் டீச்சர். மாதேஷுக்கு டிம்முவின் நடையையும் ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தவள்.

"ஏனுங்க மேடம், அவர எப்பங்க உடுவீங்க?" என்றாள் கவிதா.

"நாலு மணிக்கு சேலம் கூட்டிட்டுப் போறோம்மா."

"அப்பறம்?"

ருக்சானா மேஜையைப் பார்த்தாள்.

"இந்த வாரத்துல பொறந்துருமுன்னு நர்சம்மா சொல்லிப்போட்டாங்க. எங்கூட்ல வேற ஆருமில்லீங்க மேடம். வலி வந்தா வண்டி கூப்பிடக்கூட அவருதான் வேணும். எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க."

முருகேசன் பெஞ்சை இழுத்துப் போட்டார். "உக்காரு கண்ணு. மொதல்ல உக்காரு."

அமலி உட்காரவில்லை. "மாதேஷ் இல்ல மேடம். நிச்சயமா அவன் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டு மாசமா சொல்லித் தரேன். எனக்குத் தெரியும்."

"தெரியும்னா பத்தாது டீச்சர். அம்பது பேரு வீடியோ எடுத்திருக்காங்க. எல்லாத்துலயும் டிம்முதான் தள்ளுது."

அமலி கவிதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முருகேசன் மூலையில் நின்று அந்த வீடியோவைப் பதினோராவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது. கிட்டே வந்தார்.

"மேடம்... ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது."

"திட்டற மாதிரி விஷயமா?"

"டூட்டில கேம் ஆடுவேன். இதே டிம்மு ரன்தான். இருநூத்திப் பன்னெண்டாவது லெவல்."

"போன மாசம் ரோந்து போறப்ப பைக்கக் கொண்டுபோய் மரத்துல விட்டீங்களே, அது இதனாலதானா?"

"அது நூத்தித் தொண்ணூறு மேடம்."

"விஷயத்துக்கு வாங்க."

"டிம்மு ஜெயிச்சா வலப்பக்கமா ரெண்டு சுத்து, ஒரு இடுப்பாட்டம். முடிஞ்சுது. இத்தன லெவல்லயும் அவ்வளவுதான். இதுல பாருங்க... ரெண்டு சுத்து வலம் சுத்தறான். அப்பறம் மூணாவதா ஒண்ணு, எடப்பக்கம். டிம்மு இப்படி ஆடி நான் பாத்ததே இல்ல."

ருக்சானா போனை வாங்கிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். லாக்கப்பைத் திறக்கச் சொன்னாள்.

"மாதேஷ், ஜெயிச்ச ஆட்டம் ஆடிக் காட்டு."

அவன் விழித்தான். மனைவியைப் பார்த்தான். வெட்கமும் பயமுமாக ஆடினான். வலப்பக்கம் இரண்டு. இடுப்பாட்டம். நின்றான்.

"மூணாவதா எடப்பக்கம் ஒண்ணு சுத்து."

சுற்றினான். கால் பின்னியது. சுவரில் போய் மோதினான்.

"அது எனக்கு வராதுங்க மேடம். டீச்சரு சொல்லியே தரலீங்களே."

அமலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வராத மாதிரி நடிக்கிறான்னு சேலத்துல சொல்லுவாங்க ஏட்டய்யா" என்றாள் ருக்சானா, சலிப்பாக.

மணி மூன்று.

முருகேசனின் போன் 'டிங்' என்றது!

"என்ன?"

"கேம்ல புது வெர்ஷன் வந்திருக்கு மேடம். பார்க் தொறக்கற அன்னிக்கே விடறோம்னு ஒரு மாசமா விளம்பரம்."

"இப்ப ஆடப் போறீங்களா? மனுசரா நீங்க?"

முருகேசன் காதில் வாங்கவில்லை. விரல் பறந்தது. திரையில் டிம்மு ஓடியது, தாவியது, ஒரு நரியை முட்டிச் சாய்த்தது. ஜெயித்தது.

வலப்பக்கம் ஒரு சுத்து... இரண்டு சுத்து...

இடப்பக்கம் ஒன்று!

ருக்சானா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"காலைல பதினொண்ணு இருபதுக்கு இந்த மூணாவது சுத்து ஊருல எந்த போன்லயும் இல்ல. அப்ப யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"கேமைச் செஞ்சவங்களுக்கு."

"அந்தக் கம்பெனிக்காரங்க யாரு இங்க வந்திருக்கா?"

*

ஒருவன்தான் வந்திருந்தான். கேம் கம்பெனி மேனேஜர் விக்னேஷ். ஏரிக்கரை லாட்ஜிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்று இருபத்தைந்துக்கு ஸ்டேஷன் வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தான்.

"இந்த மூணாவது சுத்து உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஆறு மாசமா தெரியும் மேடம். எங்க டீம்ல எல்லாருக்கும் தெரியும்."

"உங்க டீம் பூரா பெங்களூர்ல உக்காந்திருக்கு. மலையேறினது நீங்களும் செத்துப்போனவரும் மட்டும்."

விக்னேஷுக்கு மெல்லப் புரிந்தது. முகம் வெளுத்தது.

"மேடம், என் உயரத்தப் பாருங்க. ஆறடி ரெண்டு. அந்த டிரஸ்ஸு என் நெஞ்சுக்குக் கீழயே நின்னுடும்."

முருகேசன் ஆதாரமாக எடுத்து வைத்திருந்த உடையைத் தூக்கி அவன் மேல் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். தோள் வரைக்கும்கூட எட்டவில்லை.

ருக்சானா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து.

இருந்த ஒரே ஆளும் போச்சு!

"அதுவுமில்லாம..." என்றான் விக்னேஷ். "அந்தச் சுத்து எனக்கு வராது மேடம். எங்க ஆபீஸ்ல யாருக்குமே வராது."

"டிம்முவுக்கு மட்டும் எப்படி வருது?"

"அது ஒரு ஆள் ஆடினது. உடம்பு பூரா சென்சார் ஒட்டி, ஒருத்தர ஆட வெச்சு, அந்த அசைவ அப்படியே கம்ப்யூட்டர்ல எடுத்து டிம்முவுக்குப் போட்டோம். நடை, ஓட்டம், ஆட்டம்... எல்லாமே ஒரே ஆளோடது."

"யாரு அது?"

விக்னேஷின் கண் பெஞ்சுப் பக்கம் போய்த் திரும்பியது.

"சொல்லக்கூடாது மேடம். அக்ரிமெண்ட்ல..."

"நான் சொல்றேன்."

குரல் பெஞ்சிலிருந்து வந்தது.

கவிதாவின் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தாள் அமலி. ஐந்தடி மூன்று அங்குலம் இருப்பாள்.



"மூணு வருஷம் ஆடினேன் மேடம். முட்டி தேஞ்சுபோச்சு. காசு குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. பேரு மட்டும் போடுங்கன்னு கேட்டேன். கேம் முடியறப்ப பொடி எழுத்துல பேரெல்லாம் ஓடுமே, அதுல ஒரு ஓரத்துல. டிம்முவுக்குள்ள யாருமில்லன்னுட்டாரு யுவராஜ். இன்னிக்குக் காலைல மைக்கப் புடிச்சு, 'டிம்முவோட ஆட்டத்த நான்தான் வீட்டுக் கண்ணாடி முன்னாடி ஆடிக் கண்டுபிடிச்சேன்'னு பேசினாரு. மேடைக்குக் கீழதான் நின்னேன். எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன் மேடம்."

"தள்ளறதுக்குன்னே டிரஸ்ஸ எடுத்தீங்களா?"

"இல்ல. பக்கத்துல போய் நின்னு ஆடணும்னு எடுத்தேன். இது யாரோட ஆட்டம்னு அவருக்காவது உறைக்கட்டும்னு. உள்ள மாதேஷ்னு நெனச்சுட்டு காதுல சொன்னாரு... 'உள்ள எவன் இருந்தா என்னடா, கூட்டம் டிம்முவத்தான் பாக்குது. நீ கைய மட்டும் ஆட்டு'ன்னு. என் கை தானா போயிடுச்சு."

"ஆட்டம்?"

"காலும் தானா ஆடிடுச்சு. புது ஆட்டம் இன்னும் வெளிய வரலங்கறதே ஞாபகம் இல்ல. ஆறு மாசமா என் உடம்புல அதுதான் இருக்கு."

"மாதேஷ் உள்ள கெடக்கறான். பாத்துட்டு உக்காந்திருந்தீங்க."

"தைரியம் வரல மேடம். நாலு மணிக்குள்ள வந்துடும், வந்துடும்னு உக்காந்திருந்தேன்."

கவிதா தன் வலக்கையையே பார்த்தாள்.

"இத்தன நேரம் என் கையப் புடிச்சுட்டிருந்தீங்களேக்கா" என்றாள்.

அமலி முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கவிதா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். திரும்பவும் துடைத்தாள்.

மணி மூன்று ஐம்பது. லாக்கப் திறந்தது. மாதேஷ் வெளியே வந்து மனைவியின் பக்கத்தில் நின்றான். அவளைத் தொடவே பயந்தான். அப்புறம் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், ஊட்டுக்குப் போலாமுங்களா?"

"ஜீப் வெளிய நிக்குது. வாழவந்தில விட்டுட்டு வரட்டும்" என்றாள் ருக்சானா. "டிரைவர், வளைவுல மெதுவா போப்பா."

ஜீப் கிளம்பிய சத்தம் அடங்கியது. வருத்தமாகத்தான் இருந்தது ருக்சானாவுக்கு. மேஜை இழுப்பறையிலிருந்து கைது செய்வதற்கான படிவத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

"பேரு?"

"அமலி" என்றாள் அவள். ஈரமான முகத்தோடு லேசாகச் சிரித்தாள். "இப்பதான் மேடம் இந்தக் கேமுக்காக மொதத் தடவையா என் பேர எழுதறாங்க."

ருக்சானா எழுதினாள். முருகேசன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இனிஷியலையும் மறக்காமப் போட்டுருங்க மேடம். பேர விட்டதுக்கே ஒரு ஆளு காலி."