நம்பிக்கைப் பதியி

ஜெசிந்தாவின் மூளையில் ஏழு நம்பிக்கைகளைப் பதிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. தூத்துக்குடிக் கடலுக்கடியில் இருபத்திரண்டு வருடம் வெல்டிங் செய்தவள். தொழிற்கல்வி ஆசிரியை ஆவதற்கு அது போதாதாம். வெல்டிங் தெரிந்திருப்பது கூடுதல் தகுதி, நம்பிக்கைதான் கட்டாயம்.

அந்த ஏழு நம்பிக்கைகளையும் எழுதியவர் தொழிற்கல்வி இயக்குநர் நிரஞ்சன். வெல்டிங் கருவியை அவர் பிடித்தது ஒரு புகைப்படத்துக்காக மட்டும். 'எல்லா மாணவரும் ஏற்கெனவே திறமைசாலிகளே' என்பது முதலாவது. 'பிழை என்பது ஆசிரியரின் பார்வைக் கோளாறு' என்பது நான்காவது. மூளையில் சந்தேகம் பிறக்கும் இடத்தைப் பதியி என்ற கருவி கண்டுபிடித்து, அங்கே இவற்றை எழுதிவிடும். இயக்குநருக்கு மட்டும் விலக்கு.

பதிப்பதற்கு முந்தைய வாரம், ஜெசிந்தா தன் மாணவி இசக்கியம்மாள் போட்ட வெல்டிங் இணைப்பைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்: "ஏட்டி, இதுல ஊசித்துளை கிடக்கு. தண்ணி உள்ள வந்துரும். வெட்டிட்டு மறுபடி போடு."

இப்போது அதே போன்ற இணைப்பைத் தடவிப் பார்த்தாள். விரல் ஒரு துளையில் நின்றது. "அருமையா இருக்குட்டி," என்றாள். கண்ணில் ஏன் நீர் வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

மாணவர்கள் செய்த ஆழ்கூட்டை, ஆள் ஏறிக் கடலுக்குள் இறங்கும் மூடிய இரும்புக் கூண்டை, இயக்குநரே ஏறித் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. கதவருகே வந்ததும் நிரஞ்சனின் கால் நின்றுவிட்டது.

"இது தாங்குமாம்மா?"

"தாங்கும்னு நம்புதேன் சார்."

"நம்புறத விடுங்க. சோதிச்சீங்களா?"

ஜெசிந்தா புரியாமல் பார்த்தாள். அவர் சுற்றிலும் திரும்பினார். "சந்தேகப்படுற ஆள் ஒருத்தர்கூடவா இல்ல?"

"நீங்க இருக்கீங்களே சார்," என்றார் துணை இயக்குநர் வைதேகி, மிகுந்த அன்போடு. சந்தேகப்படுபவர் யாரானாலும் உடனே பதிக்க வேண்டும், விலக்கும் செல்லாது என்பது நிரஞ்சனே கையெழுத்திட்ட விதி. நான்கு பேர் அவரைக் கைத்தாங்கலாகப் பதியி அறைக்கு அழைத்துப் போனார்கள். அவர் கத்தியதைப் பதற்றம் என்று புரிந்துகொண்டார்கள்.

வெளியே வந்தவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கையசைத்துக்கொண்டே ஏறினார்.

முப்பதாவது மீட்டரில் இணைப்பு பிளந்தது. ஜெசிந்தா கிரேனை இயக்கி மேலே இழுத்தாள். உயிர் இருந்தது, இரண்டு காதும் செவிடாகியிருந்தன.

இறங்குவதற்கு முன் இயக்குநர் சந்தேகப்பட்டதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு எழுதியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிரஞ்சன் அறிக்கையை முழுதாகப் படித்தார். வெட்கத்தோடு சிரித்து, ஒப்புதல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.