மணி தொங்கிய இடம்

ஆட்கள் சாப்பிடப் போயிருந்த மதிய நேரத்தில் நாங்கள் கோபுரத்துக்குள் நுழைந்தோம். நான், என் அண்ணன், என் மகள்.

பழைய தேவாலயத்தின் மணிக்கோபுரம் அது. வழிபாடு நின்று வெகுகாலமாகிறது. பிள்ளைகள் ஏறி விளையாடவும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசவும் ஏற்றபடி அதை மாற்றும் வேலை எனக்கு வந்தது. இருட்டுச் சுவர்களைக் குடைந்து நெடிய ஜன்னல்கள் வைத்தேன். உள்ளே எங்கும் வெள்ளை. மணி தொங்கிய இடத்தில், படுத்தபடி வானம் பார்க்க, சுவருக்குச் சுவர் ஒரு வலை. கட்டியவன் அண்ணன், கயிறுதான் அவன் தொழில்.

நாளை திறப்பு. வலையில் முதலில் குதிக்கப்போவது என் மகள்.

"முதல்ல நீ படுத்துப் பாரு. உன்னைத் தாங்கிட்டா ஊரையே தாங்கும்," என்றான் அண்ணன்.

"சும்மா இருண்ணா," என்று ஏணியில் ஏறினேன்.

நடுவலையில் மல்லாந்தேன். முகமெல்லாம் வெயில். புதுக் கயிற்றின் வாசனை. அதற்கடியில் ஈர உலோகத்தின் வாடை. மணியை இறக்கியபோதே போயிருக்க வேண்டிய வாடை.

பக்கத்தில் வலை தாழ்ந்தது.

மெதுவாக. தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் யாரோ வந்து படுப்பதுபோல.

"மேல உன்கூட யாரு?" கீழிருந்து அண்ணன் கேட்டான்.

"யாருமில்லையே."

"வலை ரெண்டு இடத்துல தொங்குதே."

அவன் குரலில் கிண்டல் இல்லை.

எழப் பார்த்தேன். முழங்கை கண்ணிக்குள் போய் மாட்டியது. கையை எங்கே ஊன்றினாலும் அந்தப் பள்ளத்துக்கே சரிந்தேன். சுற்றிலும் நான் திறந்த ஜன்னல்கள், அவற்றில் ஆகாயம். ஆனாலும் மூடிய பெட்டிக்குள் கிடப்பவளுக்குப்போல மூச்சு முட்டியது. என் தோளை ஒட்டி, குளிர்ந்த இன்னொரு தோள்.

"அம்மா, நானும் வரட்டுமா?" ஏணியில் மகளின் காலடி.

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை.

"வாடி தங்கம்," என்றது என் குரல்.

என் பக்கத்திலிருந்து.

ஏணி அதிர்ந்தது. அண்ணன் அவளை அள்ளி வெளியே விட்டுவிட்டு மேலே பாய்ந்து வந்தான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. "விடு... அவளை விடு," என்று முனகினான். என்னைப் பார்த்து அல்ல.

என்னைத் தரையில் இறக்கிவிட்டு அண்ணன் மறுபடி ஏறி முடிச்சுகளையெல்லாம் அறுத்தான். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் அழுதுகொண்டிருந்த மகளையும் அழைத்துப் போனான்.

சாயங்காலம் கோபுரத்தைப் பூட்ட நான் மட்டும் வந்தேன்.

மேற்கு ஜன்னல்களின் வெயில் எதிர்ச்சுவரில் விழுந்திருந்தது. அந்த வெள்ளையில், கட்டம் கட்டமாக, இல்லாத வலையின் நிழல்.

இரண்டு இடத்தில் தொங்கியது. ஒரு பள்ளம் என் நீளம்.

நடுவில், ஒரு பிள்ளை படுக்கும் அளவுக்கு, இடம் விட்டிருந்தது.