பூவம்மா பேரில் ஏழு ஜோடி

கல்மண்டபத்தில் அந்தச் சந்தில் யார் எதை ஆன்லைனில் வாங்கினாலும் அது பூவம்மா பெயரில்தான் வரும். ஆதார் கார்டிலும் பேங்குப் புத்தகத்திலும் ஒரே மாதிரி பெயர் இருந்தது சந்திலேயே அவள் ஒருத்திக்குத்தான். மற்றவர்களுக்கு இதில் ஒரு பெயர், அதில் ஒரு பெயர். அதனால் குக்கர் மூடியானாலும் கொசு பேட்டானாலும் பூவம்மா பெயர்தான்.

பார்சல் கொண்டு வரும் பையன்கள் அவளை ஏதோ பெரிய முதலாளி என்று நினைத்துக்கொண்டு சந்து முனையிலேயே வணக்கம் வைப்பார்கள். முதலாளியோ காசிமேட்டில் இறால் உரித்துவிட்டு வந்து, எரிகிற விரல்களுக்கு எண்ணெய் தடவியபடி கையெழுத்துப் போடுவாள்.

அவள் மகள் மகிழினி ஏழாம் வகுப்பு. பந்தைக் காலில் வாங்கினால் அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. சந்துப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார்கள்.

போன வருஷம் போட்டிக்குப் போனபோது, வெறுங்காலோடு வந்தவர்களைச் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிர் அணிப் பெண் ஒருத்தி, "மீன் விக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் ஷூ லேஸை மெதுவாகக் கட்டிக்கொண்டாள். அவள் கேட்டதைவிட, அப்படி மெதுவாகக் கட்டியதுதான் மகிழினிக்கு இன்னும் வலித்தது.

ஸ்டட் வாங்குவது என்று அன்றே முடிவானது. ஸ்டட் என்றால் அடியில் குமிழ் குமிழாக இருக்கும் கால்பந்து ஷூ. பெரியமேட்டுக் கடைகளில் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பினார்கள். போனில் பார்த்தால் வெளிநாட்டுக் கடை ஒன்று அதில் பாதி விலை சொன்னது. ஏழு வீட்டிலும் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். தரையில் சாக்பீஸால் பாதத்தை வரைந்து, நூல் பிடித்து அளந்தார்கள். ஏழு பேருக்கும் ஏழு அளவு, படிக்கட்டு மாதிரி. சின்னப் படி அன்புக்கரசியின் கால். கடைசிப் படி மகிழினியின் கால். அதற்கு முந்திய படி ஹஃப்சா.

கோடை லீவில் ஆர்டர் போட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. காலாண்டுப் பரீட்சையும் வந்தது. பார்சல் மட்டும் வரவில்லை.

வராததற்குக் காரணம் பூவம்மாவின் கையிலேயே இருந்தது. "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, விவரம் தெரிவிக்கவும்" என்று அவள் போனுக்கு மெசேஜ் மேல் மெசேஜ் வந்தது. வர வர அழித்தாள். முந்தின வருஷம் இதே மாதிரி ஒரு மெசேஜைத் தொட்டுத்தான் டீக்கடை பக்ருதீனின் கணக்கில் இருந்த பணம் முழுசும் போனது. அன்றிலிருந்து கஸ்டம்ஸ் என்று யார் பேசினாலும் அவன் திருடன் என்று சந்து முழுக்கத் தெரியும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்கு வந்த தபால்காரர் கருணாகரன், பார்சலை இன்னும் ஏன் எடுக்கவில்லை என்று நின்று விசாரித்தார். பார்சல் நிஜமாகவே சுங்க அலுவலகத்தில் கிடக்கிறதாம். இந்த வெள்ளிக்கிழமைக்குள் போய் எடுக்காவிட்டால் அனுப்பியவனுக்கே திரும்பிப் போய்விடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி.

பூவம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "திருடனும் இப்டித்தான் பேசுறான், கவர்மெண்டும் இப்டித்தான் பேசுது. நான் இன்னாத்த கண்டேன்?" என்றாள்.

மறுநாள் இறாலுக்கு லீவு, அன்றையக் கூலியும் லீவு. அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். வர வேண்டாம் என்று சொல்லியும் மற்ற ஆறு பேரும் அதே பஸ்ஸில் பின்னால் ஏறியிருந்தார்கள். அலுவலக வாசலில் காவல்காரர் அவர்களை மரத்தடியில் நிறுத்திவிட்டார்.

உள்ளே ஒரு அதிகாரி அம்மாள் பெட்டியை அவர்கள் கண் முன்னாலேயே பிரித்தார். நீல நிறத்தில் ஏழு ஜோடி ஸ்டட். மகிழினி தினமும் போனில் பார்த்த அதே நீலம்.

"ஏழு ஜோடி, ஒரே பேரு. கடை எங்கம்மா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"கடையா? இறால் கம்பெனில எனக்கு நிக்கவே எடம் இல்ல மேடம்."

அதிகாரி சிரிக்கவில்லை. சொந்த உபயோகம் என்றால் வரி கட்டிவிட்டு எடுத்துப் போகலாம், விற்பதற்கு என்றால் வியாபாரிக்கான அனுமதி வேண்டும், அது இல்லாவிட்டால் பெட்டி திரும்பிப் போகும் என்று விளக்கினார். ஒரு ஆளுக்கு ஏழு ஜோடி எதற்கு என்பதுதான் அவர் கேள்வி. பூவம்மா சந்துக் கதையையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது.

"அந்த ஏழு காலும் வந்துக்குது மேடம்," என்றாள் மகிழினி. "ஆறு பேரு மரத்தாண்ட நிக்கறாங்க. போட்டுக் காட்டறோம்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, கூப்பிடு என்றார்.

ஆறு பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். நகம் பெயர்ந்த கால், கண்ணாடி கிழித்த கால், ஆணி குத்திய கால். அவரவர் அளவை எடுத்து அவரவர் நுழைத்தார்கள்.

நுழையவில்லை.

அன்புக்கரசியின் குதிகால் வெளியே நின்றது. ஹஃப்சா பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, கால் உள்ளே போகவில்லை. ஒருத்திக்கும் சேரவில்லை.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. "எல்லாருக்கும் அளவெடுத்து வாங்கினதா சொன்னீங்களேம்மா?"

"ஷூ இங்க தூங்கிகினு இருந்திச்சு மேடம். காலு தூங்கல," என்றாள் பூவம்மா.

"அதுக்குத்தான் மெசேஜ் அனுப்பினோமே."

பூவம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். யாருக்கும் தலைகுனியாத அம்மா அப்படி நிற்பதை மகிழினியால் பார்க்க முடியவில்லை. அதனால் கால்களைப் பார்த்தாள்.

எல்லாக் காலும் வளர்ந்திருந்தது. எல்லாம் ஒரே ஒரு படிதான்.

அப்படியென்றால் வழி இருக்கிறது. ஒவ்வொருத்தியும் தனக்கு அடுத்த படியை எடுத்துக்கொண்டால் போதும். இது தெரிந்த அதே நொடியில், கடைசிப் படியில் நிற்பவளுக்கு மேலே படி இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தன் ஜோடியை அவள் இன்னும் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூக்கருகில் கொண்டுபோய் புது ரப்பர் வாசனையை ஒரு தடவை இழுத்தாள். பிறகு ஹஃப்சாவிடம் நீட்டினாள்.

"இந்தா, இத்தப் போடு. உன்னுத அவகிட்ட குடு. அவ அவளுத அந்தாண்ட குடுக்கட்டும்."

ஷூக்கள் கை மாறின. ஒவ்வொரு காலாக உள்ளே போய் உட்கார்ந்தது. ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். மேசைமேல் மிஞ்சியது அன்புக்கரசிக்கு வாங்கிய குட்டி ஜோடி. தரையில் மிஞ்சியது மகிழினியின் வெறுங்கால்.

ஹஃப்சா அவள் காதருகில் வந்து, விரலை மடக்கிக்கொண்டு குட்டி ஜோடியை எப்படியாவது மாட்டிக்கொள்ளச் சொன்னாள். பாதி நுழைந்தால்கூடப் போதும், மேடம் உற்றுப் பார்க்க மாட்டார் என்றாள்.

மகிழினி அதைத் தொடவில்லை.

"மேடம், இது எனக்குச் சேராது. அன்புக்கரசி தங்கச்சி கார்குழலிக்குச் சேரும். மூணாவது படிக்கிறா, வூட்ல கீறா. எனக்கு இதுல இல்ல."

"உனக்கு இல்லயா? அப்ப மேட்சு?"

"இவங்க ஆடுவாங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். "எந்த வியாபாரியும் தனக்கு ஒண்ணும் இல்லாம சரக்கெடுக்க மாட்டான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சொந்த உபயோகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் வரி வரிதான். ஏழு ஜோடிக்கும் கட்டச் சொன்னார். பூவம்மா கட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். ராயபுரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நான்தான் அழிச்சேன். ஒரு தபா தொட்டுப் பாத்துருக்கலாம்."

"தொட்டுருந்தா பக்ருதீன் அண்ணனாட்டம் நீயும் பொலம்பிகினு இருந்துருப்ப."

"உனுக்கு இல்லன்னு எப்போடி தெரிஞ்சிது?"

"அவங்களுக்கு சேரும்னு தெரிஞ்சப்பவே."

அம்மா எண்ணெய் வாடை அடிக்கும் கையால் மகளின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று மகிழினி இழுத்தும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடுவர் முதலில் கால்களைத்தான் பார்த்தார். ஏழு பேர், ஏழு ஜோடி. சரி என்று உள்ளே விட்டார். போன வருஷம் மீன் விற்க வந்தீர்களா என்று கேட்ட பெண் அந்த நீல ஷூக்களையே பார்த்தாள். மகிழினி கோட்டுக்கு வெளியே ரப்பர் செருப்போடு உட்கார்ந்தாள்.

குட்டிக் கார்குழலி, பந்து இல்லாத இடமாகப் பார்த்து ஓடினாள். எதிர் அணி மூன்று கோல் போட்டது. மகிழினி இருந்திருந்தால் இரண்டையாவது தடுத்திருப்பாள். அது அவளுக்கும் தெரியும், அதனால் உட்காரவே முடியவில்லை.

கடைசியில் ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. எப்போதும் மகிழினி அடிப்பது. ஹஃப்சா பந்தை வைத்துவிட்டு வெளியே திரும்பிப் பார்த்தாள். மகிழினி இடது மூலையைக் கண்ணால் காட்டினாள். ஹஃப்சா அடித்தாள். பந்து அங்கேயே போய் வலையில் விழுந்தது.

மூன்றுக்கு ஒன்று. தோல்விதான்.

வெளியே வந்ததும் ஹஃப்சா ரோட்டோரம் உட்கார்ந்து லேஸை அவிழ்க்கப் போனாள். அவள் முகத்தில் கோல் போட்ட சந்தோஷம் இல்லை. இது உன்னுடையது, எனக்குப் போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது என்றாள்.

"அவுக்காத. போட்டுகினு வா. சந்து பாக்கட்டும்," என்றாள் மகிழினி.

ஏழு ஜோடி ஸ்டட்டும் தார் ரோட்டில் டக் டக்கென்று கல்மண்டபம் வரைக்கும் வந்தன. முன்னால் ரப்பர் செருப்பு வழி காட்டிக்கொண்டு போனது.