பிரிக்காத மேனுவல்

ஜொகூர் பாருவை அடுத்த கெலாங் பாத்தாவில் அந்தத் தொடர்வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் பிற்பகலாகிவிட்டது. கேட்டில் துரு ஏறியிருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஈரச்சுவரின் பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. யாரோ சாம்பிராணி போட்டு அதை மறைக்கப் பார்த்திருந்தார்கள்.

திருச்செல்வத்துக்கு வாடையைப் பற்றிக் கவலையில்லை. உலு திராமில் தொழிற்சாலை வேலை போக, பழைய வீடியோ கேம்களை வாங்கி சிங்கப்பூரில் சேகரிப்பவர்களுக்கு விற்பவன் அவன். டிஸ்க் மட்டும் என்றால் சில்லறைக் காசுதான். பெட்டியும் அச்சடித்த மேனுவலும் சேர்ந்திருந்தால் நல்ல விலை. மேனுவல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

தங்கை லோஷினியையும் கூட்டி வந்திருந்தான். கேம் ஒழுங்காக ஓடுகிறதா என்று விளையாடிப் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

வீட்டுக்காரர் கமலநாதன் எலும்பும் தோலுமாக இருந்தார். "மகன் இப்ப இல்லீங்க, அவன் சாமானைக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்று போனில் சொல்லியிருந்தார். மகன் தீபன் செத்துவிட்டான் என்றே திருச்செல்வம் எடுத்துக்கொண்டான். எப்படி என்று கேட்கவில்லை. அதையெல்லாம் கேட்டால் பேரம் பேச வாய் வராது.

சாமான்களில் ஒன்றுதான் அவன் கண்ணில் பட்டது. கம்பெனி பெயரே இல்லாத ஒரு கறுப்புக் கேம் பெட்டி. அதற்குரிய மேனுவலைக் கமலநாதன் லோஷினியின் கையில் கொடுத்தார். உறை பிரிக்கப்படவில்லை.

"முதல்ல இதைப் பிரிச்சுப் படிம்மா. அப்புறம் விளையாடு."

லோஷினிக்கு அதைச் சொல்லவே வேண்டாம். மாத்திரை டப்பாவில் இருக்கும் காகிதத்தைக்கூட முழுதாகப் படித்த பிறகே மாத்திரையைப் போடுகிறவள். நகத்தை உறையின் ஓரத்தில் வைத்தாள். திருச்செல்வம் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

"ஏய், பிரிச்சா வெலை போயிடும்லா! இந்தக் காலத்துல எவன் மேனுவல் படிக்கிறான்? கேமே உள்ளுக்குள்ள எல்லாம் சொல்லிக் குடுக்கும்."

"நீ எதைத்தான்ணா முழுசா படிச்சிருக்கே?"

அது உண்மை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் திருட்டு டிஸ்க் வாங்கி வளர்ந்தவன் அவன். அந்தப் பிளாஸ்டிக் பையில் டிஸ்க்கைத் தவிர ஒன்றும் இருக்காது. எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்துத்தான் அவனும் அவன் கூட்டாளிகளும் விளையாடக் கற்றார்கள்.

"நான் குடுத்துட்டேன்" என்றார் கமலநாதன். அதை யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

தீபனின் அறையில் டிவி இருந்தது. லோஷினி தலையின் மஞ்சள் கிளிப்பையும் மூக்குக்கண்ணாடியையும் சரிசெய்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். திருச்செல்வம் ஹாலில் மற்ற பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இங்க வாயேன்! இது நம்ம ஊரு தமிழ்ல பேசுதுலா!"

எட்டிப் பார்த்தான். திரையில் ஒரு தொடர்வீடு. துரு ஏறிய கேட். அடியில் எழுத்து ஓடியது.

'இடது குச்சியைத் தள்ளுங்க அக்கா. கதவு தொறக்கும். ஒன்னும் கஷ்டம் இல்லலா.'

யாரோ உள்ளூர்ப் பையன் செய்த கேம், உலகத்திலேயே இந்த ஒன்றுதான் இருக்கும் என்று திருச்செல்வத்தின் மனம் கணக்குப் போட்டது. "பாத்தியா, எவ்வளவு அழகா சொல்லிக் குடுக்குது" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குத் திரும்பினான்.

மழை கொட்ட ஆரம்பித்தது. அறையிலிருந்து லோஷினி ஒவ்வொரு வரியாகப் படிப்பது கேட்டது.

"ஜன்னலைச் சாத்துங்க."

அறையில் ஜன்னல் சாத்தும் சத்தம். அவள்தான் எழுந்து சாத்தினாள் என்று நினைத்தான்.

"விளக்கை அணைங்க."

கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது.

"அண்ணா... நான் எழுந்திரிக்கவே இல்ல."

அவள் குரல் சன்னமாகியிருந்தது. "திரையில ஒரு பையன் முதுகைக் காட்டி உக்காந்திருக்கான்ணா. எழுப்பச் சொல்லுது. எனக்கு வேணாம்."

"பயந்தாங்கொள்ளி! எழுப்பு, ஓடுதான்னு பாரு" என்றான் திருச்செல்வம், பல்லால் டேப்பைக் கடித்தபடி.

ஒரு பட்டன் அமுங்கியது.

அதற்குப் பிறகு அவள் எதையும் படிக்கவில்லை.

கமலநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அப்பா" என்றது அறைக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல்.

திருச்செல்வம் ஓடினான். டிவி வெளிச்சத்தில் ஓர் இளைஞன் தரையில் உட்கார்ந்திருந்தான். ரொம்ப நாள் காற்றுப் படாத துணியின் நாற்றம் அவன் மேல் வீசியது. அவன் மடியில் கன்ட்ரோலர். அவன் பக்கத்தில் லோஷினியின் கண்ணாடி.

திரையில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் லோஷினியின் மஞ்சள் கிளிப்.

கமலநாதன் மகனைத் தூக்கி நிறுத்தி, இறுகக் கட்டிக்கொண்டார். திருச்செல்வத்தைத் திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணில் வெட்கமில்லை.

"படிக்கச் சொன்னேன் தம்பி. நீங்கதான் பிடுங்கினீங்க."

இருவரும் மழையில் இறங்கிப் போனார்கள்.

திருச்செல்வம் உறையைக் கிழித்தான். முதல் பக்கம் மலாயில் இருந்தது.

'திரையில் வரும் உதவியை நம்பாதீர்கள். அதை எழுதுவது உள்ளே இருப்பவர். அவரை எழுப்பினால் அவர் வெளியே வருவார், எழுப்பியவர் உள்ளே போவார். இதைப் படித்தவரால் அவரை எழுப்ப முடியாது. விளையாடுகிறவர் கையில் இந்த மேனுவலைக் கொடுக்காவிட்டாலும் உள்ளே இருப்பவர் எழமாட்டார்.'

படித்துவிட்டான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மேனுவலைப் படித்து, அதனாலேயே தங்கையை மீட்கும் வழியை இழந்தான். பட்டனை மாறி மாறி அமுக்கினான். விரல் வீங்கியது. லோஷினி திரும்பவில்லை. "லோஷு, அண்ணன்தான்டி" என்று டிவியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். மற்றப் பக்கங்களை அவன் புரட்டவில்லை. வேண்டியது தெரிந்துவிட்டது, இன்னொரு ஆள் வேண்டும்.

கேமை உலு திராமுக்குக் கொண்டு வந்தான். லோஷினிக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னான். மேனுவலுக்குப் புது உறை போட்டு, முடி உலர்த்தும் மெஷினின் சூட்டில் சுருக்கி ஒட்டினான். கமலநாதனும் இப்படித்தான் ஒட்டியிருப்பார். பிறகு விளம்பரம் போட்டான்.

ஒரு சனிக்கிழமை அஷ்வின் என்ற மாணவன் ஜொகூர் பாருவிலிருந்து வந்தான். சாதுவான முகம். கண்ணாடி போட்டிருந்தான். திருச்செல்வம் மேனுவலை அவன் கையில் கொடுத்தான். கொடுத்தாகிவிட்டது. இனி அவன் பாடு.

"நான் மேனுவல் படிக்காம எந்தக் கேமையும் தொடமாட்டேன்ணே" என்று சிரித்தான் பையன். நகத்தை உறையின் ஓரத்தில் வைத்தான். லோஷினி வைத்த அதே இடம்.

ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, படிக்கட்டும் என்று விட்டுவிடத் திருச்செல்வம் நினைத்தான்.

பிறகு அந்த மணிக்கட்டை மெல்லப் பிடித்தான்.

"வேணாம் தம்பி. பிரிச்சா வெலை போயிடும். கேமே எல்லாம் சொல்லிக் குடுக்கும்."

பையன் தயங்கினான். பெரியவர் பேச்சைத் தட்ட மனமில்லாமல் மேனுவலை வைத்துவிட்டுக் கன்ட்ரோலரை எடுத்தான்.

திரையில் மஞ்சள் கிளிப் தெரிந்தது.

திருச்செல்வத்தின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது. பையன் இன்னும் ஒரு பட்டனையும் அமுக்கவில்லை.

"அண்ணே, இது எனக்கு எழுதினது இல்ல போலிருக்கே" என்றான் அஷ்வின், திரையின் அடியில் ஓடிய எழுத்தைப் பார்த்து.

'தெரிஞ்சே படிக்க விடாம தடுத்தவர்தான் உள்ளே போவார்னு போட்டிருக்கே, கடைசிப் பக்கத்தை நீ படிக்கவே இல்லையாண்ணா?'