மீனலோசனியின் கடன் அட்டை

புதன்கிழமை பின்னேரம், நாரந்தனைத் தபால் கந்தோர் பூட்டுகிற நேரம் பார்த்து, அப்புத்துரை மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். தபால் பை கட்டிக்கொண்டிருந்த அம்புறோஸுக்கு உள்ளூரச் சந்தோஷம். தபாலதிபர் ஞானசவுந்தரியிடம் ஊரார் கொண்டுவருகிற வில்லங்கங்களைக் கிண்டுவதில்தான் நாற்பத்தைந்து வயதான அந்த மனுஷனுக்கு உயிர். எண்பத்து நாலாம் ஆண்டு பிறந்து மாசியும் வந்துவிட்டது, உருப்படியாக ஒரு வில்லங்கமும் வரவில்லையே என்று அவர் வெந்துகொண்டிருந்தார்.

"இதைப் பாரும் தங்கச்சி," என்று அப்புத்துரை ஒரு கணக்குத் தாளை மேசையில் வைத்தார். "ரெண்டாயிரத்து நானூற்று எழுபது ரூபா. என்ரை தோட்டத்துப் புகையிலையை முழுக்க வித்தாலும் கட்டக் காணாது."

ஊர்காவற்றுறைப் பரமலிங்கத்தின் கடைக் கணக்கு அது. தீவுப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பரமலிங்கம் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார். அட்டையைக் காட்டிக் கையெழுத்து வைத்தால் எழுதுகிற கொப்பியிலிருந்து கைக்கடிகாரம் வரை கடனுக்கு அள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு தகப்பன்மாரின் தலையில் வந்து விழும்.

"திங்கட்கிழமை இவவுக்குக் கம்பஸிலை சோதனை," என்றார் அப்புத்துரை. "போகமாட்டா. படிச்சது போதும்."

மீனலோசனியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. ஆனாலும் பிள்ளை நிமிர்ந்துதான் நின்றாள்.

"நானூற்றுப் பத்து ரூபா என்ரை கடன்தான், அக்கா. குடை, செருப்பு, சட்டைத் துணி. காசு எண்ணிக் குடுக்காமல் வாங்கேக்கை கடன் எண்டே தெரியேல்லை. அப்பாவுக்கு ஒளிச்சது பிழை. ஆனால் இந்த றேடியோவும் சேலையும் மணிக்கூடும் நான் வாங்கேல்லை."

"அப்ப அந்த நெடுந்தீவுப் பெட்டை மார்கிரட்தான்," என்று தகப்பன் சீறினார். "ஒரே பஸ்ஸிலை போறனீங்கள். ஒருக்கால் அட்டையை அவளிட்டைக் குடுத்தனீயெல்லே?"

"செருப்பு வாங்கக் குடுத்தனான். அந்தக் காசை அவள் தந்திட்டாள். அவள் கள்ளி இல்லை, அப்பா."

ஞானசவுந்தரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தை பதினொன்று, தை இருபத்து நாலு, மாசி ஏழு. மூன்று நாள், மூன்று சாமான், இரண்டாயிரத்து அறுபது ரூபாய்.

"கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டாள்.

இவ்வளவுதானா கேள்வி என்று அம்புறோஸுக்குச் சப்பென்று போய்விட்டது.

மறுநாள் விடிய நால்வரும் கடை வாசலில் நின்றார்கள். பரமலிங்கம் கதவைத் திறந்து, பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். கணக்குப்பிள்ளை குழந்தைவேலு துணிகளைத் தூசி தட்டினான். அப்போது கம்பஸ் மாணவி ஒருத்தி ஓடிவந்து மஞ்சள் அட்டையை நீட்டி, இரண்டு கொப்பி கேட்டாள்.

"முதல் வியாபாரம் பிள்ளை. கடனுக்குத் தரேலாது," என்றார் பரமலிங்கம். "ஆராவது காசுக்கு வாங்கட்டும். கொஞ்சம் பொறும்."

"பஸ் வருது, ஐயா."

அவள் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்புறோஸ் தன் காசில் ஒரு பென்சில் வாங்கினார். பரமலிங்கம் காசைக் கண்ணில் ஒற்றினார். பில் புத்தகத்தைத் தானே எடுத்து, தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டு, பென்சிலுக்குப் பில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் புத்தகத்தைக் குழந்தைவேலுவிடம் தள்ளினார். மாணவிக்கும் கொப்பி கிடைத்தது.

"முதல் பில் எப்பவும் உங்கடை கையாலையோ?" என்று ஞானசவுந்தரி கேட்டாள்.

"ஓம். இருபத்தொரு வருசமா."

"பின்னேரம்?"

"அஞ்சரைக்குக் காசை எண்ணி, கடைசிப் பில் இலக்கத்தைக் குறிச்சுப்போட்டு நான் வெளிக்கிட்டிடுவன். சாமானை உள்ளை எடுத்து வைச்சுப் பூட்டுறது குழந்தைவேலு."

"புத்தகத்தை ஒருக்கால் பாக்கலாமோ?"

கிழித்துக் கொடுக்கிற ஒவ்வொரு பில்லுக்கும் கீழே காபன் பிரதி ஒன்று புத்தகத்திலேயே இருந்தது. ஞானசவுந்தரி அவசரப்படாமல் தாள்களைப் புரட்டினாள். அம்புறோஸ் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கையெழுத்து இந்தப் பிள்ளையின்ரை மாதிரித்தான் கிடக்கு," என்று முணுமுணுத்தார்.

"கையெழுத்தை விடும், அம்புறோஸ். தலைப்பைப் பாரும்." அவள் புத்தகத்தை முதலாளியின் பக்கம் திருப்பினாள். "ஒவ்வொரு நாளும் பிள்ளையார் சுழி முதல் பில்லிலை இருக்கு. தை பதினொண்டிலை எங்கை இருக்கு?"

பரமலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்தார். "ரெண்டாவதிலை."

"தை இருபத்து நாலு?"

"அதுவும் ரெண்டாவதிலை."

"மாசி ஏழும் அப்பிடித்தான். அந்த மூண்டு நாளும் முதல் பில் கடன் பில். றேடியோ, சேலை, மணிக்கூடு. நீங்கள் முதல் வியாபாரம் கடனுக்குக் குடுத்தனீங்களோ?"

"செத்தாலும் குடுக்கமாட்டன்."

"அப்ப நீங்கள் கடை திறக்க முந்தியே இந்தப் பில்கள் எழுதியாச்சு. மீனலோசனியோ மார்கிரட்டோ பூட்டின கடைக்குள்ளை வரேலாது. அஞ்சரைக்கு நீங்கள் இலக்கம் குறிச்சுப்போட்டுப் போனபிறகு, உள்ளை நிண்ட ஆள் அடுத்த தாளிலை எழுதியிருக்கு. அண்டைய கணக்கு முடிஞ்சுது, அதாலை அடுத்த நாள் திகதி போடவேண்டி வந்திருக்கு. விடிய நீங்கள் இலக்கம் பாக்காமல் அதுக்கடுத்த தாளிலை சுழி போட்டிருக்கிறியள்."

"ஏன் பில் போடவேணும்? சும்மா தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே," என்றார் அம்புறோஸ்.

"மாசக் கடைசியிலை சாமானை எண்ணினால் பிடிபடும். காசுப் பில் எழுதினால் பெட்டியிலை காசு வைக்கவேணும். கடன் பில்லுக்கு ஒரு கள்ளக் கையெழுத்துப் போதும். இந்தப் பிள்ளையின்ரை அட்டையோடை மார்கிரட் வந்ததைக் கண்ட ஆள் இந்தப் பெயரைத் தெரிஞ்செடுத்திருக்கு. கேள்வி வந்தால் பழி மார்கிரட்டிலை போகும் எண்ட துணிவு."

எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த தூசித் துணி நழுவி விழுந்தது.

"பிள்ளையாருக்கு முன்னாலையோடா எழுதினனீ?" என்றார் பரமலிங்கம். பாவம், இரண்டாயிரம் ரூபாய் போனதை விட அதுதான் அந்த மனுஷனைச் சுட்டது.

"றேடியோவை விக்கேல்லை, முதலாளி. மூண்டும் வீட்டிலை இருக்கு. கொண்டுவந்து தாறன்," என்று குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

அம்புறோஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தானே கண்டுபிடித்ததுபோல வாசலில் கூடி நின்ற நாலைந்து பேரையும் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். அப்புத்துரைக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அந்த மார்கிரட் பிள்ளையை நான் அப்பிடிப் பழி சொல்லிப் பேசியிருக்கக் கூடாது," என்று தன்பாட்டில் சொன்னார்.

பரமலிங்கம் பேனையை எடுத்துக்கொண்டு மீனலோசனியைப் பார்த்தார். "தங்கச்சி, உம்மடை கணக்கு முழுக்க வெட்டிவிடுறன். என்ரை கடையாலை வந்த பழி."

"மூண்டு பில்லை மட்டும் வெட்டுங்கோ," என்றாள் மீனலோசனி. "நானூற்றுப் பத்து நான் வாங்கினது. கம்பஸிலை தாற உதவிப்பணத்திலை மாசம் அம்பது கட்டுறன். அட்டை இனி வேண்டாம்."

அவள் மஞ்சள் அட்டையை மேசையில் வைத்தாள். அப்புத்துரை மகளைப் பார்த்தார். பிறகு பரமலிங்கத்திடம் திரும்பினார்.

"மிச்சக் கணக்கை இனி என்ரை வீட்டுக்கு அனுப்பவேண்டாம். அவவின்ரை பேருக்கு அனுப்பும். கம்பஸ் விலாசத்துக்கு."