விடை அடுத்த இதழில்

உக்கடம் பெரியகுளத்துக் கரையிலிருந்து இறங்கி, பாத்திரக் கடைகளைத் தாண்டி மூன்றாவது சந்தில் நான் நுழைந்தபோது பிற்பகல் இரண்டரை மணி. ஜூன் மாதத்து மேகம். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. யாகூப் பாய் போனில் சொன்ன அடையாளங்கள் சரியாக இருந்தன. பச்சைக் கதவு, வாசலில் கழற்றி வைத்த தண்ணீர் மோட்டார், அதன்மேல் சுருண்டு படுத்த பூனை.

சேதமான பொருள்களைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுவது என் தொழில். எரிந்த நூல் மில்லானாலும் வெள்ளம் புகுந்த கிடங்கானாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். இதையும் அப்படியே எழுத முயல்கிறேன்.

தொழில் போக எனக்கு இருக்கும் ஒரே பித்து பழைய தமிழ் காமிக்ஸ். செம்பருந்து காமிக்ஸ் வரிசையில் வந்த நாற்பத்திரண்டு இதழ்களில் நாற்பத்தொன்று என் அலமாரியில் இருந்தன. முப்பத்தேழாவது மட்டும் இல்லை. பதினோரு வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஈரோடு, அவிநாசி, சேலம் என்று எந்தப் பழைய புத்தகக் கடையையும் விடவில்லை. என் மனைவி சாய்ப்ரியா அந்த எண்ணைச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்வாள். உப்பு வாங்க மறந்து வந்தால், "அதுவும் முப்பத்தேழா போச்சுங்களா?" என்பாள்.

யாகூப் பாய்க்கு எழுபத்தைந்து வயதிருக்கும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் வீடு கைவிட்டுப் போய்விட்டது, மாதக் கடைசிக்குள் குனியமுத்தூரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போகிறோம் என்றார். உள்ளே பாதிச் சாமான்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார்.

"எங்க காலத்துல இதப் படிச்சா அடி உளும். இப்ப நீங்க இதுக்குக் காரு போட்டுக்கிட்டு வாரீங்க."

பெட்டியைத் திறந்ததும் வாசம் வந்தது. பழைய காகிதத்தின் புளித்த வாசம் எனக்குப் பழக்கம். இது வேறு. அப்போதுதான் சீவிய பென்சிலின் வாசம்.

ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை எண் வரிசையாக அடுக்கியிருந்தது. கடைசி இதழைக் கையில் எடுத்தேன். அட்டை மடங்கவில்லை. முதல் பக்கத்தில் நீல மையில் "உஸ்மா, 4-ஆம் வகுப்பு" என்று குண்டு குண்டான எழுத்து.

"பாய், இது யாருங்க?"

"எம் மகதானுங்க" என்றார். பிறகு தானாகவே சொன்னார். அவர் மனைவி சாஜிதா பேகம் கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். காலையில்தான் புரை எடுத்தார்களாம், நாளைக்கு வந்துவிடுவாராம்.

"அவ இருந்தா உடமாட்டா தம்பி. அதனாலதான் இன்னிக்கி வரச் சொன்னேன். இதையே பாத்துப் பாத்து அவ பொழப்பே போயிருச்சுங்க. புது ஊட்டுக்கு இது வர வேண்டாம்."

அப்போதே பெட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தேழு என் கையில் இருந்தது.

எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய இதழ் வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்வோம். பிறகு சுத்தம் செய்வோம். கதாநாயகிக்கு வரைந்த மீசை, ஓரத்தில் போட்ட கூட்டல் கணக்கு, பூர்த்தி செய்த புதிர், எல்லாமே எங்கள் கணக்கில் கறை. மை போகாது. பென்சில் போகும். மெத்தென்ற ரப்பரால் ஒரே திசையில், அழுத்தாமல் தேய்க்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தேன். முப்பத்தேழாம் இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு வழிப்புதிர் இருந்தது. மேலே இடது மூலையில் அழுகிற முயல்குட்டி. கீழே வலது மூலையில் விளக்கு எரிகிற ஒரு வீடு. நடுவே நூற்றுக்கணக்கான சந்துகள். "வழி தவறிய முயல்குட்டி வீடு சேர உதவுங்கள்" என்று தலைப்பு. அடியில் பொடி எழுத்தில், "விடை அடுத்த இதழில்."

முயலிடமிருந்து ஒரு பென்சில் கோடு புறப்பட்டிருந்தது. முட்டுச் சந்துகளில் போய் முட்டித் திரும்பி, சுற்றிச் சுற்றி, பக்கம் முழுவதும் அலைந்து வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. இன்னும் ஒரு வளைவுதான் பாக்கி.

படம் எடுத்தேன். தேய்க்க ஆரம்பித்தேன்.

ஒன்றைக் கவனித்தேன். முயலுக்கு அருகில் இருந்த கோடு பழையது, காகிதத்தோடு இறுகிப் போயிருந்தது. வீட்டை நெருங்க நெருங்க அது புதிதாக இருந்தது. கடைசி விரற்கடை அளவு என் விரலில் ஒட்டிக் கறுத்தது, நேற்று போட்டது போல. தொழில் புத்தி அதைக் குறித்துக்கொண்டது. கை நிற்கவில்லை.

பாதி அழித்திருப்பேன். முன்னறையில் செருப்புச் சத்தம் கேட்டது.

சின்னக் கால்கள். ஈரமான ரப்பர் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். ஓடி வந்து, சட்டென்று நின்றது.

எழுந்து போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. சாய்ப்ரியா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வாசல் கதவு உள்ளிருந்து தாழிட்டபடியே இருந்தது.

திரும்பி வந்து மீதியையும் அழித்தேன்.

கடைசிப் புள்ளி மறைந்தபோது அறைக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது போல இருந்தது.

விடவேயில்லை.

நான்காம் நாள் காலையில் அவர்கள் இருவரும் காரமடை ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாஜிதா பேகம் ஒடிசலான பெண்மணி. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி முகத்தை விடப் பெரிதாக இருந்தது. யாகூப் பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாய்ப்ரியா கொடுத்த காப்பியை அந்த அம்மா கையில் வைத்துக்கொண்டாரே தவிர குடிக்கவில்லை.

"உங்க மேல தப்பில்லீங்க தம்பி. இவரு சொல்லாமக் குடுத்துப்போட்டாரு. மத்ததெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க. கடைசிப் புத்தகம் மட்டும் வேணுங்க."

ஏன் என்று நான் கேட்காமலேயே சொன்னார். தொண்ணூற்றொன்றாம் வருடம், ஐப்பசி மழை. உஸ்மா தரையில் படுத்தபடி அந்தப் புதிரைப் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் முட்டுச் சந்திலேயே மாட்டிக்கொண்டாள். அடுத்த இதழ் வந்திருந்தால் விடை பார்த்துவிடலாம் என்று பென்சிலைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு கடைவரை போய் வருகிறேன் என்று கிளம்பினாள். பத்து நிமிட நடை. அவள் திரும்பவில்லை. போலீஸ் தேடியது. குளத்தில் ஆள் இறக்கித் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

"மறு வருசம் புத்தகத்த எடுத்துப் பாத்தனுங்க. அவ எங்க நிறுத்துனான்னு எனக்குத் தெரியும். கோடு அந்த முட்டுச்சந்துல இருந்து திரும்பி வெளிய வந்திருந்துச்சு."

அதன் பிறகு வருடத்துக்கு ஒரு சந்து, ஒன்றரைச் சந்து. தவறான பக்கம் போனால் அந்த வருடம் முழுக்க சாஜிதா பேகத்துக்குச் சோறு இறங்காது. வீட்டை விட்டு ஓர் இரவும் வெளியே தங்கியதில்லை. வெளியூர்க் கல்யாணம், துக்கம் எதற்கும் போனதில்லை. அவள் வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா. முப்பத்து நான்கு வருடங்களில் அவர் வெளியே தங்கிய ஒரே இரவு கண் ஆஸ்பத்திரியில்தான்.

"நாந்தான் கோடு போடறேன்னு இவரு நெனப்பு" என்று கணவரைக் காட்டினார். யாகூப் பாய் தரையைப் பார்த்தார்.

இதழை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

வெகுநேரம் பார்த்தார். பென்சில் போன இடத்தில் காகிதத்தில் தடம் மட்டும் பள்ளமாக இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே வீடுவரை போனார்.

"கண்ணு இப்ப நல்லாத் தெரியுதுங்க தம்பி" என்றார். "ஒரு வளைவுதானுங்க இருந்துச்சு."

நான் எடுத்த படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் பார்த்து அப்படியே வரைந்து கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"நீங்க போட்டா அது உங்க கோடு கண்ணு. அவ நடந்ததாகுமா?"

அப்போதுதான் பக்கத்தின் மேல் மூலையை சாய்ப்ரியா சுட்டிக் காட்டினாள். முயலின் காலடியில் கடுகளவு பென்சில் புள்ளி. நான் அழித்து முடித்தபோது அது இல்லை. உஸ்மா மறுபடியும் முதலிலிருந்து புறப்பட்டிருக்கிறாள்.

அலமாரியிலிருந்து முப்பத்தெட்டாம் இதழை எடுத்து வந்தேன். அதன் இரண்டாம் பக்கத்தில் விடை அச்சாகியிருந்தது. சாஜிதா பேகம் அந்த இதழை ஒருநாளும் வாங்கியதில்லை. அதை வாங்கத்தானே மகள் போயிருந்தாள். முதலில் தொடக்கூட இல்லை. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

குனியமுத்தூர் வீட்டில் இரண்டு இதழ்களையும் அருகருகே திறந்து வைத்தார்களாம். யாகூப் பாய் வாரம் ஒருமுறை கூப்பிட்டுச் சொன்னார். கோடு இப்போது வருடக் கணக்கில் நகரவில்லை, நாள் கணக்கில் நகர்ந்தது. ஒருநாள் இதழ்களை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய் வந்தாராம், அன்று கோடு இரண்டு விரற்கடை ஏறியிருந்ததாம். "நம்பாம இருந்துட்டனுங்க தம்பி. இத்தன வருசமும் அவள ஒத்தையா உட்டுட்டேன்."

ஐப்பசியில் கோடு முக்கால் வழி வந்துவிட்டது. ஐப்பசியிலேயே சாஜிதா பேகம் தூக்கத்தில் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடித்த மறுநாள் யாகூப் பாய் இரண்டு இதழ்களையும் ஒரு துணிப்பையில் கொண்டு வந்தார். தன்னால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றார். ஏன் என்று பக்கத்தைத் திறந்தபோது தெரிந்தது.

இரண்டாவதாக ஒரு கோடு.

அது வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டிருந்தது. வயதான கை போட்டது போல நடுங்கி நடுங்கி, சந்துகளுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"போன அன்னிக்கே ஆரம்பிச்சிருச்சுங்க" என்றார் யாகூப் பாய் மெல்ல. "ஊட்ட உட்டு எங்கீமே போகாதவ. இப்பப் போயி எறங்கிட்டா பாருங்க, தேடிக்கிட்டு."

அதன் பிறகு நான் தினமும் பார்த்தேன், தினமும் படம் எடுத்தேன். மகளின் கோடு விடையைப் பார்த்தபடி நேராக வந்தது. அம்மாவின் கோடு எந்த விடையும் பார்க்கவில்லை. கண்ட சந்தில் எல்லாம் நுழைந்தது. ஒரு வியாழக்கிழமை இரண்டும் அடுத்தடுத்த சந்துகளில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நடுவே ஒரு மயிரிழை அச்சுக் கோடு மட்டும். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் பென்சில் காகிதம் குழியும்படி அழுத்தியிருந்தது.

ரப்பரை எடுத்து அந்த அச்சுக் கோட்டைத் தேய்த்துப் பார்த்தேன்.

அச்சு மை போகவில்லை.

மறுநாள் இரண்டும் பிரிந்து அவரவர் வழியில் போயிருந்தன.

"நீங்க ஊட்டுக்கே திரும்பிப் போயிருங்கம்மா" என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அல்ல. சாய்ப்ரியா என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது.

இன்று மதியம் தூறல். மூன்று மணிக்குப் பக்கத்தைத் திறந்தேன். மகளின் கோடு கடைசி வளைவைத் திரும்பி, விளக்கு எரிகிற வீட்டுக்குள் போய் நின்றிருந்தது. அம்மாவின் கோடு வெகுதொலைவில் இருந்தது. மேலே இடது மூலையில், முயல்குட்டி நின்று அழுத இடத்தில்.

அங்கே யாரும் இல்லை.

பென்சில் வாசம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பென்சில்கூட இல்லை. எல்லாவற்றையும் எப்போதோ எடுத்து எறிந்துவிட்டேன்.

பிறகு செருப்புச் சத்தம். ஈரமான, சின்னச் செருப்பு. இந்த முறை ஓடவில்லை. முன்னறையைத் தாண்டி, சமையலறை வாசலில் நின்றது. படுக்கையறை வாசலில் நின்றது. பூஜையறை வாசலில் நின்றது. ஒவ்வோர் இடத்திலும் சற்று நேரம் நின்று, பிறகு அடுத்த அறைக்குப் போனது.

சாய்ப்ரியா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு என் காதருகே இருந்தது.

"ஏனுங்க, அவங்கம்மா இங்க இல்லீன்னு அந்தப் புள்ளகிட்ட யாருங்க சொல்றது?"

இதை எழுதி முடிக்கும்போது மணி ஐந்தரை. சத்தம் மூன்றாம் முறையாக முன்னறையிலிருந்து தொடங்குகிறது.